சுத்தமான விதையும் மேயாத ஆடுகளும்

முளைப்பு அறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த விதை ஆராய்ச்சி நிலையத்தில் என் பெயர் எதற்காகவாவது நினைவில் இருக்கிறதென்றால், அது என் தட்டுகளில் பூஞ்சை பிடிக்காது என்பதற்காகத்தான். அந்தப் புகழைப் பரப்பியவர்களில் முதல் ஆளும், பெரும்பாலும் ஒரே ஆளும், நானேதான்.

மற்ற ஆய்வகங்களில் விருந்தாளி வந்தால் எதையாவது காட்டுவார்கள். நான் ஒன்றும் இல்லாததைக் காட்டினேன். ஈரத்தாளில் வரிசையாகப் படுத்திருக்கும் புல் விதைகளை நீட்டி, “ஒரு வெள்ளை இழையாவது தெரிகிறதா பாருங்கள்” என்பேன். அவர்களும் மரியாதைக்குக் குனிந்து, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வார்கள். ஒருமுறை வீட்டில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடியில் பூஞ்சை பிடித்தது. சுத்தம் குறித்து மனைவிக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் அடுத்த ஊறுகாயை நீங்களே போடுங்கள்” என்றாள். போட்டேன். அதைப் பற்றி இங்கே எழுதத் தேவையில்லை.

கொழுக்கட்டைப் புல்லை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விதைத்து வளர்த்தவர்கள் குறைவு. மேய்ச்சல் காடுகளில் தானாக வருகிற புல். மேச்சேரி ஆடுகளுக்கு அது உயிர். அதன் விதையைக் காட்டில் உருவி வந்தால் சொங்கு என்கிற உமியும் தூசியும் மக்கின வாசனையுமாகத்தான் இருக்கும். ஈரத்தாளில் போட்டால் விதை முளைக்கிறதோ இல்லையோ, பூஞ்சை முதலில் எட்டிப் பார்க்கும். எனக்கு அது மானப் பிரச்சினை. அதனால் விதையைச் சுடுநீரில் முக்கி, மருந்தில் புரட்டி, உள்ளும் புறமும் ஒன்றும் மிஞ்சாதபடி ஒரு முறையை வகுத்தேன். தட்டில் விதைகள் ஒட்டுக்கா முளைத்தன, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணி அடித்ததும் எழுந்து நிற்பதைப் போல. மேலிடம் மகிழ்ந்தது. மேய்ச்சல் காடுகளில் விதைத்துப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது.

அப்படித்தான் பாவாயியின் காட்டுக்குப் போனேன்.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் வானம் பார்த்த பூமி, இந்தப் பக்கத்தில் அதைத்தான் காடு என்பார்கள். சுற்றிலும் கிளுவை வேலி. பாவாயியின் வீட்டுக்காரர் ரிக் வண்டியில் போர்வெல் போட வடக்கே போனவர், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். காடு அவருக்கும் அவர் தம்பி செங்கோடனுக்கும் பொது. செங்கோடன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு உதிரி சாமான் விற்கிறவர். காட்டைச் சரளை அடித்துச் சமப்படுத்தினால் வேலையில்லாத மாதங்களில் ரிக் லாரிகளை நிறுத்த வாடகைக்கு விடலாம் என்பது அவர் கணக்கு. பாவாயிக்கோ ஆடுகள். பழைய புல் பார்த்தீனியக் களை வந்து அழிந்துகொண்டிருந்தது. நாங்கள் போய் நின்றது அந்தச் சமயத்தில்தான்.

கொழுந்தனாரிடம் பாவாயி ஒரு வருஷத் தவணை வாங்கினார். அதற்கு நானே சாட்சி. செங்கோடன் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சார், நீங்க சொல்றீங்கன்னு உடறேனுங்க. ஆனா புல்லு புடிக்கற வரைக்கும் ஒரு ஆடு உள்ள காலு வெக்கப்படாது. வெச்சா பேச்சு முடிஞ்சுதுங்க.”

“எம்பட ஆடு எட்டிக்கூடப் பாக்காதுங்க” என்றார் பாவாயி.

பங்குனியில் உழுது புழுதி விதைப்பாக விதைத்தோம். மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் போட்டுவைப்பது. விதைக்கு அங்கே ஒரே வேலைதான், காத்திருப்பது. விதைக்கும்போது ஒரு சங்கடம் நேர்ந்தது. கிடங்கிலிருந்து வந்த மூட்டைகளில் ஒன்று சுடுநீர் காணாதது, தவறி ஏற்றிவிட்டார்கள். பிரித்ததும் மக்கல் வாசனை. ஏதோ செத்த எலியைக் கண்டதுபோல நான் முகத்தைச் சுளித்தேன்.

“இது ஆட்டுக்கு ஆகுமுங்களா?” என்று கேட்டார் பாவாயி.

“பூஞ்சை பிடித்தது. எதற்கும் ஆகாது” என்று சொல்லி, மூட்டையை நானே தூக்கிப்போய் வடக்கு வேலி ஓரமாக உதறினேன். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். அதையும் பத்துப் பேர் பார்க்கும்படிதான் கழுவினேன்.

சித்திரையில் ஒரு கோடை மழை. பெரிய மழை இல்லை, புழுதியை அடக்குகிற அளவு. நாலைந்து நாளில் காடு முழுக்கப் பச்சை பூத்துவிட்டது. என் விதைகள் மணி அடித்ததும் எழுந்துவிட்டன! படம் எடுத்தோம். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் சுற்றாத நாளில்லை. வேலி ஓரத்தில் நான் உதறிய இடம் மட்டும் வெறும் மண்ணாக இருந்தது. அதையும் ஒரு படம் எடுத்து, “சுத்தம் செய்யாவிட்டால் இப்படி” என்று கீழே எழுதிப் போட்டேன். அந்தப் படத்தை அழிக்க இன்றைக்கும் ஆசைதான். குழுவில் இருந்து நான் விலகியபின் அது என் கையில் இல்லை.

அதற்குப் பிறகு மழை இல்லை. இந்தப் பக்கத்து அக்னி நட்சத்திரம் உங்களுக்குத் தெரியும். பல் முளைத்த குழந்தையைப் பாறையில் உட்காரவைத்த மாதிரி என் முளைகள் வெயிலில் நின்றன. வைகாசியில் மேலதிகாரிகளோடு பார்வையிடப் போனபோது காடு உழுத அன்றைக்கு இருந்ததைப் போலவே இருந்தது.

இனி நான் சொல்லப்போவதுதான் நீங்கள் கேட்க வேண்டியது. மற்றதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே கிடைக்கும்.

காட்டுக்குள் நடந்தேன். குனிந்து முளைகளைப் பார்த்தேன். நுனி முழுசாக இருந்தது. நுனியிலிருந்து அடிவரை கருகியிருந்தது. ஆடு கடித்த புல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது வெட்டுப்பட்ட மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. ஒரு கணம்கூடச் சந்தேகம் வரவில்லை. நிமிர்ந்தபோது மேலதிகாரிகள், செங்கோடன், பாவாயி, அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏனுங்க சார், வந்த பயிரு எங்கீங்க போச்சு?” என்று கேட்டார் செங்கோடன்.

வெயிலில் கருகிப்போனது; புழுதி அடங்குகிற மழைக்கே ஏன் முளைத்தது என்பதற்கு ஒரே சொல்லில் பதில் இருந்தது. தெரியவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கு வாத்தியாரிடம் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். ஆனால் பட்டமும் பதவியும் வந்தபின் அந்தச் சொல் தொண்டைக்குக் கீழேயே தங்கிவிட்டது. பட்டியில் இருந்த ஆடுகள் கத்தின. நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.

“இளம் முளையில் ஆடு வாய்வைத்திருந்தால் இப்படி ஆகும்” என்றேன்.

‘வைத்திருந்தால்’ என்ற அந்த ‘ஆல்’ எனக்கு நானே வைத்துக்கொண்ட கொல்லைப்புற வாசல். மற்றவர்கள் காதில் அது விழவில்லை. விழாது என்பதும் எனக்குத் தெரியும்.

பாவாயி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கை முழுக்க முள் கீறல். “நானுங்களா உட்டேன்? ரெண்டு மாசமாக் கிளுவையும் வாகையுமா ஒடிச்சுக் கொண்டாந்து பட்டியிலயே போட்டுட்டு இருக்கறேனுங்க. பாருங்க சாமி.”

நான் பார்க்கவில்லை. என் செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆபீசரே சொல்லிப்போட்டாருங்கண்ணி, இனி என்னத்த இருக்குது” என்றார் செங்கோடன். குரலில் கோபமே இல்லை. அது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆவணியில் நல்ல மழை பெய்தது. நான் மறுபடி அந்தக் காட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனதாக நினைத்துவிடாதீர்கள். ஆட்டுப் புழுக்கை தேடிப் போனேன். சொல்லிவிட்ட பொய்க்கு ஒரு சான்று கிடைத்தால் அது உண்மையாகிவிடும் என்கிற நப்பாசை. அரசு ஜீப்பில் இறங்கி, புழுக்கைக்காக மண்ணைக் கிளறிய முதல் விஞ்ஞானி நானாகத்தான் இருப்பேன்.

காட்டில் பாதி சரளை மேடாகிவிட்டிருந்தது. அதன்மேல் இரண்டு ரிக் லாரிகள் நின்றன. மிச்சப் பாதி வெறுங்காடு. வடக்கு வேலி ஓரத்தில் மட்டும், நான் உதறிவிட்டுக் கை கழுவிய இடத்தில், முழங்கால் உயரம் கொழுக்கட்டைப் புல் கதிர் விட்டு நின்றது. கோடை மழைக்கு அசையாமல் கிடந்த விதை, நம்பத்தகுந்த மழை வந்தபின் எழுந்திருக்கிறது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாவாயி பார்த்துவிட்டார். “வாங்க சாமி” என்றார். அவ்வளவு நடந்தபின்னும் வாங்க என்றார், அது இந்த ஊர் வழக்கம். ஆடுகளைக் கேட்டேன். “பாதிய வித்துத் தாட்டியுட்டாச்சுங்க. மேய்க்கறதுக்கு எடம் வேணுமல்ல” என்றார். மோர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, ஒரு பிடி கதிரை உருவிக்கொண்டு ஓடி வந்தேன்.

அந்தக் கதிரின் விதையைச் சீவி நிறமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, விதைக்குள்ளேயே நூல் நூலாகப் பூஞ்சை. வெளியிலிருந்து வந்து பிடித்த நோய் அல்ல அது. தாய்ப்புல் தன் விதைக்குக் கொடுத்தனுப்புகிற சீர். மகள் எந்த ஊருக்கு வாழப்போனாலும் கூடவே போகும். சில புல்லினங்களில் அந்தப் பூஞ்சை விதையைச் சீக்கிரம் முளைக்கவைக்கும், சிலவற்றில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும், சிலவற்றில் ‘பொறு, இது நிற்கிற மழையில்லை’ என்று பிடித்து நிறுத்தும். நம் பக்கத்துக் கொழுக்கட்டைப் புல்லில் நான் பார்த்த அளவில் அது மூன்றாவது ரகம். அந்தச் சீரைத்தான் நான் சுடுநீரில் போட்டுக் கரைத்துவிட்டு, மருமகள் எவ்வளவு சுறுசுறுப்பு என்று படம் போட்டுக்கொண்டிருந்தேன்.

உங்களில் கெட்டிக்காரர்கள் இப்போதே கேட்பீர்கள்: சுடுநீரே விதையை உசுப்பிவிட்டிருக்கலாமே, பூஞ்சைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சரியான கேள்வி. நானும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தொங்கினேன். சுடுநீரே படாத விதை வேண்டும், ஆனால் உள்ளே பூஞ்சை செத்திருக்க வேண்டும். கிடங்கின் வெக்கையில் நெடுநாள் கிடந்த பழைய மூட்டை கைகொடுத்தது. விதை உயிரோடிருந்தது. உள்ளிருந்த பூஞ்சை அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. கொஞ்சம் ஈரம் காட்டினேன். அதுவும் அவசரக்குடுக்கையாக எழுந்து நின்றது.

முடிவுகளை எடுத்துக்கொண்டு எங்கள் துறைத் தலைவியிடம் போனேன். அதிகம் பேசாதவர். பேசினால் கேள்வியாகத்தான் பேசுவார். எல்லாவற்றையும் பார்த்தார்.

“நல்ல வேலை. அந்தம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?”

“இன்னொரு பருவம் செய்து உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று…”

“அன்றைக்குப் பார்த்த முளை கருகியிருந்ததா, கடிபட்டிருந்ததா?”

“கருகியிருந்தது.”

“அது எப்போது தெரியும்?”

“அன்றைக்கே.”

“அப்புறம் எதை உறுதிப்படுத்தப் போகிறீர்கள்?”

பூஞ்சைக்குச் சோதனை தேவைப்பட்டது. ஆட்டுக்குத் தேவைப்படவே இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துக்கொண்டு, விஞ்ஞான நிதானம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன். தம்பிகளே தங்கைகளே, நம் தொழிலில் கோழைத்தனம் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும். ‘இன்னும் தரவு வேண்டும்’ என்று நீங்கள் சொல்லும்போது, எதற்கு வேண்டும், எதற்கு வேண்டாம் என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எனக்கு அது பிரித்துப் பார்க்காமலேயே தெரிந்திருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

“ஜீப் இருக்கிறது” என்றார் தலைவி. பேச்சு முடிந்தது.

மார்கழிக் கடைசி. பொங்கல் கழித்து மிச்சப் பாதிக்கும் சரளை அடிக்கப்போவதாக எங்கள் நிலையத்துக் கிடங்குக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். நான் போனபோது செங்கோடனும் அங்கேதான் இருந்தார். வாசலில் நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. உட்கார்ந்து பூஞ்சையிலிருந்து ஆரம்பித்தேன். தாய்ப்புல், விதை, சீர், எல்லாம் சொன்னேன். உவமை நன்றாக வந்தது என்று நடுவில் ஒரு கணம் மகிழ்ந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

பாவாயி குறுக்கிட்டார். “அதெல்லாஞ் செரிங்க சாமி. ஆடு மேஞ்சுதுங்களா, இல்லீங்களா?”

“மேயவில்லை.”

“அது அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

நான் தலையாட்டினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. செல்போனை எடுத்துக்கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “எங்கூட்டுக்காரருகிட்டயும் ஒருக்காச் சொல்லிப்போடுங்க. நாஞ் சொன்னது எதுவும் அவுருக்கு எடுபடல.”

மறுமுனையில் ஏதோ ஊரில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. கம்பிரசர் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. “ஆருங்க?” “என்னங்க?” என்று அவர் அங்கே கத்த, நான் இங்கே கத்தினேன்.

“ஆடு மேயலைங்க! தப்பு என்னுதுங்க!”

“சத்தமாச் சொல்லுங்க!”

“ஆடு மேயலைங்க! நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க!”

மூன்றாவது தடவை கத்தியபோது எதிர்வீட்டில் தறிச் சேலைக்குப் பாவு நூல் இழைத்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். பக்கத்துக் காட்டுக்காரர் இருவர் வண்டியை நிறுத்தினார்கள். அன்றைக்குக் காட்டில் என் வாயைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் அங்கே சேர்ந்துவிட்டார்கள். பாவாயி யாரையும் கூப்பிடவில்லை. போனை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை. எல்லோரும் வந்து நிற்கிற வரைக்கும் நான் பேசிக்கொண்டிருக்கும்படி விட்டுவிட்டார்.

பிறகு போனை வாங்கித் தன் கணவரிடம் இரண்டு வார்த்தை பேசினார். அதைக் கொழுந்தனாரிடம் நீட்டினார். செங்கோடன் “செரிங்கண்ணா, செரிங்கண்ணா” என்று மட்டும் சொன்னார். மிச்சப் பாதியில் சரளை கொட்டுவதில்லை என்று ஆயிற்று. போன பாதியும், போன ஆடுகளும் போனதுதான்.

அடுத்த பங்குனிக்கு வேலி ஓரத்து விதையையே உருவி, கழுவாமல், சொங்கோடும் மக்கல் வாசனையோடும் அந்தக் காட்டில் போட்டோம். அது பிடித்தது. அதற்காக என்னைப் பாராட்டி ஒரு சான்றிதழ் தந்தார்கள், நானும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பு இருந்தது. அதையும் தவறவிட்டேன். அடுத்த ஆண்டு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். உடல்நிலை என்று காரணம் எழுதினேன். ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்குகிற அளவுக்கு உடல்நிலை நன்றாகவே இருக்கிறது.

ஆனால் சொல்ல வந்தது அந்த மார்கழி நாளைப் பற்றி. ஊரே பார்க்கத் தப்பை ஒப்புக்கொண்ட ஆளுக்கு மனசில் ஒரு மிதப்பு வரும். எனக்கும் வந்தது. மார்பு கொஞ்சம் நிமிர்ந்தே ஜீப்புக்கு நடந்தேன். செங்கோடன் கூடவே வந்து மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்ததும் சாத்தினார். பிறகு ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க சார். அன்னைக்கு ஆடு மேஞ்சுதுன்னீங்க, நான் நம்பலீங்க. இன்னைக்குப் பூஞ்சைங்கறீங்க, அதையும் நம்பலீங்க. ஆனா மொதல்ல சொன்னது உபயோகமா இருந்துச்சுங்க.”